சாமிப் பெட்டியில் இரண்டாம் பாகம்

இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிட நன்றாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் பாதியில் நிறுத்தி, "அப்படி என்னதான் இருந்தது அந்தப் புத்தகத்தில்?" என்று கேட்பார்கள். ஒன்றுமில்லாத ஒரு புத்தகத்துக்காக நான் வீட்டில் சண்டை வளர்த்தேன் என்ற தீர்ப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும். நிறைய இருந்தது அதில். ஒரு பக்கத்தைக்கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட இங்கிலீஷ் மாயக்கதை அது. எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. அதற்கென்ன? முறுக்கு பிள்ளைகளுக்கென்றுதான் சுடுகிறார்கள், பெரியவர்களும்தான் தின்கிறார்கள். ஓர் ஊருக்கு அடியில் கறுப்பாக ஓர் ஆறு ஓடுகிறது. செத்தவர்களெல்லாம் அதன் அக்கரையில் இருக்கிறார்கள். ஒரு பெண், இறந்துபோன தன் அக்காவைக் கூட்டி வருவதற்காகக் கீழே இறங்கிப் போகிறாள். திரும்பிப் படியேறும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. அது அக்காவின் காலடிதானா என்று தெரியவில்லை. அந்த இடத்தில் முதல் பாகத்தை முடித்துவிட்டு, மீதிக்குக் காத்திரு என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் பாகத்தை நான் பெரும்பாலும் வேலை செய்யும் இடத்தில் வைத்துத்தான் படித்தேன். வள்ளியூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பதும் போன் எடுப்பதும் என் வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் இருப்பவர்கள் யாரும் அதிகம் பேச மாட்டார்கள், அதனால் படிப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மீதியைக் களக்காட்டுக்குத் திரும்புகிற பஸ்சில் படிப்பேன். களக்காடு என் கணவரின் ஊர். வாழைத்தார் ஏலம் போடும் மண்டியில் அவருக்கு வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அவருடைய அம்மாவும்தான். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

முதல் பாகத்தை முடித்த அதே வாரத்தில் எனக்குக் கரு கலைந்தது. மூன்றாம் மாதம்.

"இது நடக்கதுதாம்மா. நீங்க செஞ்சது எதுனாலயும் இல்ல," என்றார் என்னைப் பார்த்த பிரசவ டாக்டரம்மா. அவர் சொன்னதை நான் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் வீட்டில் அதற்குள் வேறு காரணம் தயாராகிவிட்டிருந்தது. விசாரிக்க வந்த தெருப் பெண்களிடம் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார்: "எந்நேரமும் அந்தப் பேய்ப் புத்தகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அட்டையில மண்டையோடு. வயித்துல இருக்க பிள்ள பயப்படாம என்ன செய்யும்?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சொல்லியிருப்பேன். அவர் அழுதுகொண்டே சொன்னார். நிஜமாகவே அழுதார். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். அன்றைக்கு நான் எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லாததால், அந்தப் பேச்சு தெருவில் நடந்து, வாய்க்கால் படித்துறையில் நடந்து, கல்யாண வீடுகளில் உட்கார்ந்து சாப்பிட்டு, கடைசியில் ஊருக்கே தெரிந்த உண்மையாகிவிட்டது. எங்கேயாவது ஒரு பெண் மாசமானால், "புத்தகம் கித்தகம்னு படிச்சிராதளா" என்று என் எதிரிலேயே சொல்வார்கள். எனக்கு எப்படி இருக்கும் என்று அவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு மறுபடியும் எனக்குக் கரு தங்கியது. பஸ் குலுங்கும் என்று வேலையை நிறுத்தச் சொன்னார்கள். டாக்டரம்மாவும் கொஞ்ச நாள் அலைய வேண்டாம் என்றதால் நிறுத்தினேன். நாலாம் மாதத்தில் ஒருநாள் கூரியர் வந்தது. எப்போதோ முன்பதிவு செய்து வைத்திருந்த இரண்டாம் பாகம். வாங்கி வைத்தவர் அத்தை.

"கனமா இருக்கே, என்னதுளா?" என்றார். பிரித்தேன். கறுப்பு அட்டை. இந்தத் தடவை மண்டையோடு இல்லை, எலும்பு விரல்கள் கோத்த ஒரு மாலை. அத்தையின் முகம் வெளுத்துவிட்டது.

"இது அதுதானே?"

"அதோட அடுத்த பாகம் அத்தை."

"அதுக்கு அடுத்ததும் உண்டுமா?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பிள்ள பெத்த பொறவு படி. யாரு வேண்டாங்கா? நாலஞ்சு மாசம் பொறுக்க முடியாதா உனக்கு?"

நியாயமாகத்தான் கேட்டார். அதுதான் சிக்கல். நாலைந்து மாதம் பொறுப்பது பெரிய காரியமா என்ன? காலடிச் சத்தம் யாருடையது என்று தெரியாமல் ஒன்றரை வருடம் இருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்க முடியாதா? முடியும். ஆனால் அந்தப் புத்தகத்தை நான் மூடி வைத்தேன் என்றால், போன தடவை அது பிள்ளையைக் கொன்றது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும். புத்தகம் கொன்றது என்றால் புத்தகத்தைப் பிடித்திருந்த கை கொன்றது என்றுதானே அர்த்தம்? அந்தக் கை என்னுடையது.

இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், சண்டை என்றால் வெளியே நழுவச் செருப்பைத் தேடுகிற ஆள். "அம்மைக்கு இதெல்லாம் சொன்னா வெளங்காது. நீ என்னத்துக்கு அவ கண்ணு முன்னால வச்சுப் படிக்கே? பைய உள்ள இருந்து படி," என்றார்.

"ஒளிச்சு வச்சுப் படிக்கதுக்கு நான் என்ன தப்பா செய்யுதேன்?" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார்.

ஆகவே முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்தேன். அட்டை தெருவைப் பார்க்கும்படி தூக்கிப் பிடித்துப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்ன ஒரு கதை! அக்கா திரும்பி வந்துவிடுகிறாள். சிரிக்கிறாள், தலை பின்னிக்கொள்கிறாள், தங்கச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். ஆனால் அவளுக்கு ஒரு பசி வந்திருக்கிறது. சோற்றுக்கு அடங்காத, பிணத்தைத் தேடுகிற பசி. இருட்டைப் பால்போலக் கறந்து பானையில் விற்கிற கிழவர்கள் வருகிறார்கள். அந்த அத்தியாயத்தை மட்டும் நான் இரண்டு தடவை படித்தேன். ஒரு காதல் பையனும் வருகிறான். முடியைக் கோதிக்கொண்டு தூரத்தைப் பார்ப்பது தவிர அவனுக்கு வேலை இல்லை; அவன் வரும் பக்கங்களை வேகமாகத் தள்ளினேன். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் தங்கச்சிதான். முதல் பாகத்தில் எதற்கெடுத்தாலும் அழுதவள், இரண்டாம் பாகத்தில் கோபப்பட ஆரம்பிக்கிறாள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே "அப்படிக் கேளு" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே அத்தை டிவி பார்த்துக்கொண்டிருப்பார். மருமகள் பாலில் விஷம் கலப்பாள், மாமியார் மாடிப்படியில் எண்ணெய் ஊற்றுவாள். அதைப் பார்த்தால் வயிற்றுப் பிள்ளை பயப்படாதா என்று ஒருநாள் கேட்டேன். "அது கதைலா," என்றார்.

எங்கள் குலசாமி மட்டும் என்ன சாந்தமானவரா? சுடுகாட்டில் குடியிருப்பவர். வருஷந்தோறும் கோயில் திருவிழாவில் கொடை கொடுக்கும்போது, எரிகிற பிணத்தை எடுத்துத் தின்று அவர் பசியாறிய கதையை வில்லடித்துப் பாடுவார்கள். பெண்களெல்லாம் மடியில் கைப்பிள்ளைகளைப் போட்டுக்கொண்டு, சுக்குக் காப்பி குடித்துக்கொண்டு, விடிய விடியக் கேட்பார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை. நம் ஊர் சாமி பிணம் தின்றால் பக்தி, எவளோ ஒருத்தியின் அக்கா தின்றால் பேய்ப் புத்தகம்.

ஒருநாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் நாற்காலியில் புத்தகம் இல்லை.

"எங்க அத்தை?"

"சாமிகிட்ட குடுத்துட்டேன்," என்றார் அத்தை. பயமும் பிடிவாதமும் கலந்த முகம். எரிக்க அவருக்குக் கை வரவில்லை, காகிதம் சரஸ்வதி. ஆற்றில் விடவும் மனமில்லை. அதனால் மஞ்சள் நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தைச் செருகி, கோயிலுக்குக் கொண்டுபோய் பூசாரியிடம் கொடுத்திருக்கிறார். சாமியின் மணியும் கச்சையும் இருக்கிற மரப்பெட்டியில் அதையும் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். "இனி அது உன்னையும் ஒண்ணும் செய்யாது, பிள்ளையையும் ஒண்ணும் செய்யாது. அவரு பாத்துக்கிடுவாரு."

என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. கத்தவில்லை. கத்தினால் பிள்ளைக்கு ஆகாது என்று அதையும் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

கோயில் எங்கள் தெரு முடிந்து, வாழைத் தோட்டம் தாண்டி, பச்சையாற்றுக் கால்வாய் ஓரத்தில் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானத்துக்கு மேல் பூசாரி அண்ணாச்சி வந்து விளக்கு வைப்பார். மற்ற நாட்களில் அவரும் வாழை விவசாயிதான். அடுத்த செவ்வாய்க்கிழமை, "கோயிலுக்குப் போயிட்டு வாரேன் அத்தை" என்றேன். அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். வாளியில் இருந்த செம்பருத்தியைக் கொடுத்தனுப்பினார்.

"அண்ணாச்சி, எம் புத்தகம் பெட்டியிலயா இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கு தாயி. சாமி காலடியில வச்சாச்சுன்னா அது சாமி பொருளுல்லா," என்றார்.

"சாமி படிக்காராமா?"

அவர் சிரித்துவிட்டார். "அவரு எங்க படிக்கப் போறாரு?"

"அப்ப நான் படிக்கேன். இங்கனயே இருந்து படிச்சிட்டு, இங்கனயே வச்சிட்டுப் போறேன்."

அண்ணாச்சி பெட்டியைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார். "உங்க அத்தை பெட்டியில வைக்கத்தான் சொன்னாவ. படிக்கக் கூடாதுன்னு சொல்லல," என்று தாமே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். "ஆனா வெளிய கொண்டுபோவக் கூடாது. அம்புட்டுதான்."

எந்த நூலகத்திலும் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குக் கிடைத்ததில்லை. அவர் நூலை அவிழ்த்துக் கொடுப்பார். நான் பீடத்துக்கு எதிரே வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொள்வேன். சாமிக்கு எதிரில் உட்கார்ந்து, எலும்புப் பாலத்தையும் பசித்த அக்காவையும் படித்தேன். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்தவர்கள் பார்த்தார்கள், ஆடு மேய்க்கிற பெண்கள் பார்த்தார்கள். கோயிலில் வைத்துப் படிப்பதால் சாமிப் புத்தகம் என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் ஒன்றும் கேட்கவில்லை; நானும் மறைக்கவில்லை. அத்தை கேட்கவில்லை, நானாகப் போய்ச் சொல்லவுமில்லை.

ஆறாம் மாதத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. படித்துவிட்டு வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போது ரத்தப் பொட்டு. பெரிதாக இல்லை, ஆனால் அந்த நிறத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். கணவர் எப்படிக் கார் பிடித்தார், வள்ளியூர் எப்படி வந்தது என்று எனக்கு நினைவில்லை. ஸ்கேன் அறையில் டாக்டரம்மா அந்தச் சத்தத்தை வைத்துக் காட்டினார். இதயம் ஓடிக்கொண்டிருந்தது. நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, ஒரு வாரம் படுங்கள், பிறகு மெதுவாக நடமாடலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து படுத்ததும் அத்தை என் காலை அமுக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்: "நல்ல வேளை, அந்தச் சனியன் சாமிகிட்ட இருக்கு. இல்லேன்னா என்ன ஆயிருக்குமோ."

அன்றைக்கு நானும் நம்பிவிட்டேன். இவ்வளவு பேசுகிற நானேதான். கண்ணை மூடிக்கொண்டு, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன், பிள்ளையை விட்டுவிடு என்று அந்தச் சாமியிடமே கெஞ்சினேன். முதல் பிள்ளையையும் நான்தான் கொன்றேன் போலிருக்கிறது என்று நினைத்தபோது வந்த அழுகையை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

அந்தப் படுக்கையிலேயே இரண்டு மூன்று நாள் கழித்து, கடைசியாக என்ன படித்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை படித்த அத்தியாயத்தில் பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. அந்தத் தங்கச்சி ரொட்டி சுடுகிறாள். மாவு ஒட்டிக்கொள்கிறது, அடுப்பு அணைந்துபோகிறது, அக்கா கேலி செய்கிறாள். புத்தகம் முழுவதிலும் இருந்த ஒரே சிரிப்பான அத்தியாயம் அதுதான். ரொட்டி சுட்டதற்கா என் பிள்ளை பயந்தது? படுத்தபடியே சிரித்தேன். கூடவே ஆத்திரமும் வந்தது. எனக்குள்ளேயே இவ்வளவு சுலபமாக அதை நட்டுவிட்டார்களே என்று.

எழுந்து நடக்கலாம் என்று சொன்ன பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனேன். பயம் இருந்தது. அதை மறைக்கவில்லை. பயத்தோடுதான் பக்கத்தைப் புரட்டினேன். வளைகாப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை கடைசிப் பக்கம். என்ன முடிவு என்று சொல்ல மாட்டேன், நீங்களும் படியுங்கள். படித்து முடித்துவிட்டு அந்த வேப்பமரத்தடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெட்டிக்காரி" என்று சொன்னேன். அந்த நேரம் வயிற்றில் பிள்ளை உதைத்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது தூங்கிக்கொண்டிருந்தது போல.

என் அம்மா வீட்டில் பிரசவம். பெண் பிள்ளை, நல்ல எடை, தொண்டை மட்டும் ஊருக்குக் கேட்கும். மூன்று மாதம் கழித்துக் களக்காட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அன்றைக்கு மத்தியானமே தெருப் பெண்கள் பிள்ளை பார்க்க வந்துவிட்டார்கள். அத்தை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தப் புத்தகத்தைச் சாமிப் பெட்டியில வச்சுப் பூட்டுன பொறவுதான் இது நின்னுது. இவளும் திருந்திட்டா, பாத்துக்கிடுங்க. செவ்வா, வெள்ளி கோயிலுக்குப் போவாம இருக்க மாட்டா. போன தடவையே நான் இதைச் செஞ்சிருந்தா அதுவும் தங்கியிருக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். பிள்ளை நல்லபடியாக இருக்கிறது, மாமியார் சந்தோஷமாக இருக்கிறார், நான் பக்திமான் ஆகிவிட்டேன். ஆனால் அத்தை பிழைத்த பிள்ளையைச் சாட்சிக்கு நிறுத்தி, போன பிள்ளையின் பழியை மறுபடியும் என் தலையில் வைத்துவிட்டார். இந்தத் தடவை சுவரைப் பார்த்துப் படுக்க எனக்கு விருப்பமில்லை. என் மகள் வளர்ந்து இந்தக் கதையைத் தெருவில் கேட்டுத் தெரிந்துகொள்ள நான் விடமாட்டேன்.

"அத்தை, நான் அதை முழுசும் படிச்சேன்," என்றேன். "கோயில்லயே இருந்து படிச்சேன். கோயிலுக்குப் போனதே அதுக்குத்தான். கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன். இவ வயித்துல இருக்கும்போது." வந்திருந்த பெண்களைப் பார்த்துத் திரும்பினேன். "போன தடவை போனதும் அதுனால இல்ல. இந்தத் தடவை நின்னதும் அதுனால இல்ல. இனி யாரும் அப்படிச் சொல்லாதீங்க."

என் குரல் உடைந்துவிட்டது. உடையட்டும். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அத்தை அன்று மாலைவரை என்னிடம் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"நெசமாவே கடைசி வரைக்கும் படிச்சியா?"

"ஆமா அத்தை."

"ஒண்ணும் ஆவல."

"ஒண்ணும் ஆவல."

தொட்டில் கயிற்றை ஆட்டியபடி நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார். "உம் புருசனுக்கு மூத்தது ஒண்ணு உண்டு எனக்கு. அவனுக்கே தெரியாது. வயித்துல இருக்கும்போது எங்க அம்மை செத்துட்டா. மாசமா இருக்கவ துட்டி வீட்டுக்குப் போகப்படாதுன்னு எல்லாரும் மறிச்சாவ. நான் கேக்கல. பின்வாசல் வழியா போயி அவ முகத்தைப் பாத்துட்டு வந்தேன். அந்த மாசமே பிள்ள போயிட்டு." கயிறு நின்றுவிட்டது. "பொணத்தைப் பாத்து பிள்ளையக் கொன்னவளுன்னு எம் மாமியா சாவுற வரைக்கும் சொன்னாவ."

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விடவில்லை. தான் சுமந்த அதே பாரத்தைத் தூக்கி எனக்கும் கொடுத்திருக்கிறாரே என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தபோது, பதிலுக்காக அவர் எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறார் என்பதும் தெரிந்தது.

"அப்ப அதுவும் இல்லைங்கியா?" என்று கேட்டார்.

"இல்ல அத்தை. நீங்க உங்க அம்மையைப் பாக்கப் போனீய. அதுல ஒண்ணும் இல்ல."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, எதிரில் அந்தப் பழைய மாமியார் நிற்பது போல வாசலைப் பார்த்து, சத்தமாகவே சொன்னார்.

"பாக்கத்தான் செய்வேன். எங்க அம்மைலா."